சம்பளத்துக்கு வந்த வாத்தியார்கள்: ஜப்பானும் அது கூலிக்கு அமர்த்திய இன்ஜினியர்களும்

எங்கள் பெரியப்பா மகன் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஒரு வருடமாக வேலை முடிந்து வந்ததும் ராத்திரி பதினோரு மணி வரை கட்டம் போட்ட நோட்டில் ஜப்பானிய எழுத்துகளை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் ஆர்டர் வந்துவிட்டது. நகோயா பக்கம் ஒரு கம்பெனி, மூன்று வருட காண்ட்ராக்ட். வீட்டில் எல்லோரும் மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஜப்பான்காரன்கிட்ட இல்லாத இன்ஜினியராடா? அவன் எதுக்கு உன்னைக் கூப்பிடுறான்?"

"அங்க வயசானவங்க ஜாஸ்திம்மா, ஆள் பத்தலை" என்று அண்ணன் சொன்னான். அது உண்மைதான். ஆனால் பெரியம்மாவுக்குத் திருப்தியில்லை. அந்தக் கேள்வி என் மண்டையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேடிப் படிக்க ஆரம்பித்தால் கதை நூற்றைம்பது வருடம் பின்னால் போகிறது. அப்போது ஜப்பானிடம் நிஜமாகவே நவீன இன்ஜினியர்கள் கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். நீராவி எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சம்பளப் பட்டியல், காண்ட்ராக்ட், வட்டி இதெல்லாம்தான் எனக்குக் கொஞ்சம் புரியும். நல்லவேளை, இந்தக் கதையில் அதுதான் அதிகம் :-)

1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்து மெய்ஜி பேரரசர் பெயரில் புது அரசு வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைச் சுற்றியிருந்த சாமுராய்கள். அவர்களுக்கு ஒரே பயம். சீனாவுக்கு நடந்ததும் இந்தியாவுக்கு நடந்ததும் நமக்கு நடந்துவிடக் கூடாது. ரயில், தந்தி, கலங்கரை விளக்கம், நாணயச் சாலை, கப்பல் கட்டும் துறை எல்லாமே உடனே வேண்டும். செய்யத் தெரிந்த ஆள் உள்ளூரில் இல்லை. சரி, வெளியிலிருந்து கூலிக்குப் பிடிப்போம் என்று முடிவு செய்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு ஜப்பானில் 'ஓ-யாதோய் கைகோகுஜின்' என்று பெயர். 'யாதோய்' என்றால் சம்பளத்துக்கு அமர்த்திய ஆள். 'கைகோகுஜின்' வெளிநாட்டுக்காரர். முன்னால் இருக்கும் 'ஓ' மரியாதைக்கு. நம்மூரில் 'கூலிக்காரர் அவர்கள்' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பெயர். மரியாதையும் உண்டு, நீ யார் என்பதை ஞாபகப்படுத்துவதும் உண்டு.

1875-ஐ ஒட்டி அரசாங்கத்திடம் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் இப்படி வேலை பார்த்தார்கள். இவர்களைப் பற்றி ஹேசல் ஜோன்ஸ் என்பவர் 1980-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'உயிருள்ள இயந்திரங்கள்' என்றுதான் பொருள்படும். இதில் நான் பேசப்போவது இன்ஜினியர்களைப் பற்றி மட்டும். டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் எல்லாம் தனிக் கதை.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். 1871 கணக்குப்படி நாட்டின் மிக உயர்ந்த பதவியான தலைமை அமைச்சர் பதவியில் இருந்த சான்ஜோ சானெதோமியின் மாதச் சம்பளம் 800 யென். அடுத்த நிலையில் இருந்த இவாகுரா தோமொமிக்கு 600 யென். ஒசாகா நாணயச் சாலைக்குத் தலைமை வகிக்க வந்த தாமஸ் கிண்டர் என்ற ஆங்கிலேயருக்கு? 1,045 யென். அதற்குப் பிறகு ரயில்வேக்கு இயக்குநராக வந்த வில்லியம் கார்கில் வாங்கியது மாதம் 2,000 யென். பிரதம மந்திரி மாதிரி ஒருவர் வாங்குவதைப் போல இரண்டரை மடங்கு!

2,000 யென் எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1872-இல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு முதல் ரயில் ஓடியபோது மூன்றாம் வகுப்பு டிக்கெட் 37.5 சென், அதாவது ஒரு யென்னில் நூற்றில் முப்பத்தேழரைப் பங்கு. அந்தக் கட்டணமே சாதாரண ஜனங்களுக்கு எட்டாத விலை. கார்கிலின் ஒரு மாதச் சம்பளத்தை ஈடுகட்ட மூன்றாம் வகுப்பில் 5,333 பேர் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்தக் கார்கில் இன்ஜினியரே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் ஓரியண்டல் பாங்கின் ஆள். பாங்குக்காரர் ஏன் ரயில்வேக்குத் தலைவரானார்? அதற்கு ஹொரேஷியோ நெல்சன் லே என்பவரின் கதையைச் சொல்ல வேண்டும். (எங்கள் வகுப்பில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் எடுக்கும்போது இதைச் சொல்லிக்கொடுத்தால் யாரும் தூங்கமாட்டார்கள்.)

லே முன்பு சீனாவின் சுங்கத்துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். 1869 கடைசியில் ஜப்பானுக்கு வந்து, ரயில் போட பத்து லட்சம் பவுன் கடன் ஏற்பாடு செய்து தருகிறேன், வட்டி 12 சதவீதம் என்றார். தெரிந்த பணக்காரர்கள் சிலரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கித் தருகிறார் என்று ஜப்பானியர்கள் நினைத்தார்கள். லே லண்டனுக்குப் போனார், ஜப்பான் அரசின் சுங்க வருமானத்தை ஈடாகக் காட்டி பொதுச் சந்தையில் பத்திரம் வெளியிட்டார். வட்டி 9 சதவீதம். நடுவில் இருக்கும் 3 சதவீதம் யார் பைக்குப் போகும்? பத்து லட்சம் பவுனுக்கு 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 30,000 பவுன்! விஷயம் வெளியே தெரிந்ததும் ஜப்பான் அரசு அவரை ஒரு தொகை கொடுத்துக் கழற்றிவிட்டு, கடன் பொறுப்பை ஓரியண்டல் பாங்கிடம் கொடுத்தது. கடன் கொடுத்த பாங்கு தன் ஆளை ரயில்வேயின் தலையில் உட்கார வைத்தது. கார்கில் வந்தது அப்படி.

வெளிநாட்டு ஆளை நம்புவது எப்படி, எவ்வளவு தூரம் என்பதில் ஜப்பானுக்கு விழுந்த முதல் அடி இது. அவர்கள் அதை மறக்கவில்லை என்றுதான் பின்னால் நடந்ததைப் பார்த்தால் தோன்றுகிறது.

லே விஷயத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அவர் தலைமை இன்ஜினியராகத் தேர்ந்தெடுத்த எட்மண்ட் மோரெல் நேர்மையான மனிதர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, போர்னியோ பக்கத்து லபுவான் தீவு என்று சுற்றிவிட்டு 1870-இல் யோகோஹாமாவில் இறங்கினார். வயது இருபத்தொன்பது. ஏற்கெனவே காசநோய்.

மோரெல் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது தண்டவாளத்துக்கு அடியில் போடும் குறுக்குக் கட்டை விஷயம். இரும்புக் கட்டைகளை இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்வதாகத் திட்டம். இவர் சுற்றிலும் பார்த்தார். நாடு முழுக்கக் காடு. மரக்கட்டை போடுங்கள், செலவும் குறையும், பணமும் நாட்டுக்குள்ளேயே இருக்கும் என்றார். தன் நாட்டு இரும்பு வியாபாரத்துக்கு எதிராக, சம்பளம் கொடுக்கும் நாட்டுக்குச் சாதகமாக ஒரு யோசனை. கமிஷன் ஏஜெண்டாக வந்த ஆள் இப்படிச் சொல்லமாட்டார். அதைவிடப் பெரிய யோசனை ஒன்றையும் இதோ ஹிரோபுமியிடம் சொன்னார். எல்லா பொதுப்பணிகளையும் கவனிக்க ஒரு தனி அமைச்சகம் வையுங்கள், உங்கள் பையன்களுக்கே இன்ஜினியரிங் சொல்லிக்கொடுங்கள், எத்தனை நாளைக்கு எங்களை நம்பியிருப்பீர்கள் என்றார். 1870 டிசம்பரில் பொதுப்பணி அமைச்சகம் பிறந்தது.

தான் போட்ட ரயில் ஓடுவதை மோரெல் பார்க்கவில்லை. 1871 நவம்பர் 5-ஆம் தேதி, முப்பத்தொன்றாவது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது இறந்துபோனார். சில மணி நேரத்தில் அவர் மனைவியும் இறந்தார். இருவரையும் யோகோஹாமாவில் வெளிநாட்டவர் கல்லறையில் புதைத்தார்கள். (அந்த மனைவி ஒரு ஜப்பானியப் பெண் என்று ரொம்ப நாள் கதை கட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயப் பெண்தான் என்று பிறகு ஆவணங்களைப் பார்த்துத் திருத்தினார்கள். காதல் கதை என்றால் எந்த ஊரிலும் மசாலா சேர்த்துவிடுவார்கள் போல.) 1872 அக்டோபர் 14-ஆம் தேதி பேரரசரே ஏறி உட்கார, 29 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது.

மோரெலுக்குப் பிறகு தலைமை இன்ஜினியராக வந்தவர் ரிச்சர்ட் விக்கர்ஸ் பாயில். இவரை நமக்கு வேறு இடத்தில் தெரியும். 1857-இல் பீகாரின் ஆரா நகரில் குன்வர் சிங்கின் படை ஆங்கிலேயர்களை முற்றுகையிட்டதே, அப்போது தன் பங்களாவில் இருந்த இரண்டு மாடிச் சின்னக் கட்டடத்தைக் கோட்டை மாதிரி பலப்படுத்தி, உள்ளே இருந்தவர்கள் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கக் காரணமாக இருந்த ஈஸ்ட் இந்தியன் ரயில்வே இன்ஜினியர் இவர்தான். அதற்காகப் பட்டமெல்லாம் வாங்கினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அதே மனிதர். அதே படிப்பு, அதே தொழில். பீகாரில் அவர் ஆளும் இனத்தின் ஆள். அங்கே ரயில் போட்டது லண்டனில் பங்கு விற்ற கம்பெனி. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு 5 சதவீதம் தருவதாக அரசு உத்தரவாதம். அந்தப் பணம் நம் ஜனங்களின் வரிப்பணம். ஜப்பானில் அதே பாயில் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர். காண்ட்ராக்ட் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். 1877-இல் போனார். இந்தியாவில் ரயிலோ இன்ஜினியரோ இல்லாமல் இல்லை. கிண்டியில் 1794-லேயே நில அளவைப் பள்ளி வந்துவிட்டது, ரூர்க்கி கல்லூரி 1847. ஆனால் மேல் பதவிகளுக்கு ஆள் தயார் செய்ய 1870களின் தொடக்கத்தில் ஒரு கல்லூரி ஆரம்பித்தபோது அதை எங்கே கட்டினார்கள் தெரியுமா? இங்கிலாந்தில், கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில்.

அதே நேரத்தில் ஜப்பான் தன் கல்லூரியை டோக்கியோவில் கட்டிக்கொண்டிருந்தது. முதல்வராக வந்தவர் ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1873-இல் வந்தபோது வயது இருபத்து நான்கு! நம்மூரில் அந்த வயதில் கெஸ்ட் லெக்சரர் வேலைக்கே நெட் பாஸ் பண்ணிவிட்டாயா என்று கேட்பார்கள். கப்பலில் வரும்போதே பாடத்திட்டத்தை எழுதி முடித்தார். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வரி மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆறு வருடப் படிப்பு. முதல் இரண்டு வருடம் அடிப்படை, அடுத்த இரண்டு வருடம் தொழில்படிப்பு, கடைசி இரண்டு வருடம் முழுக்க வேலைத்தளத்தில் பயிற்சி.

இந்தக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஜப்பானியர் யாமாவோ யோசோ. 1863-இல், நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்றிருந்த காலத்தில், திருட்டுத்தனமாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஐந்து இளைஞர்களில் ஒருவர். இதோ ஹிரோபுமியும், பின்னால் ரயில்வேக்குத் தலைவரான இனோவே மசாருவும் அந்த ஐந்து பேரில் இருந்தவர்கள்தான். யாமாவோ கிளாஸ்கோவில் பகலில் கப்பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்து, ராத்திரியில் ஆண்டர்சன் கல்லூரியில் மாலை வகுப்பு படித்தார். அதே மாலை வகுப்புகளுக்கு ஹென்றி டயரும் போய்க்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்குள் ஒருவர் முதலாளி பக்கம், இன்னொருவர் சம்பளக்காரர்.

முதல் செட் 1879-இல் வெளியே வந்தது. 23 பேர். அதில் 11 பேரை அரசு மேற்படிப்புக்கு பிரிட்டனுக்கு அனுப்பியது. எதற்கு? திரும்பி வந்து தங்கள் வாத்தியார்களின் நாற்காலியில் உட்கார. அப்படியே நடந்தது. கட்டடக்கலை சொல்லிக்கொடுத்த ஜோசையா கொண்டரின் இடத்துக்கு 1884-இல் அவருடைய மாணவர் தாத்சுனோ கிங்கோ வந்தார். 1914-இல் திறந்த டோக்கியோ ரயில் நிலையத்தைக் கட்டியவர் இவர்தான். டயர் 1882-இலேயே கிளம்பிவிட்டார். தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் தனக்கு வேலை போய்விடும் என்ற நிலைமையில் ஒன்பது வருடம் முழு மனதோடு வேலை செய்திருக்கிறார்.

ஊருக்குப் போய் அவருக்கு அவ்வளவு நல்லது நடக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பையே உருவாக்கியவருக்குச் சொந்த ஊரில் ஒரு நாற்காலி இல்லை. ஆனாலும் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களுக்கு அவர்தான் கார்டியன் மாதிரி இருந்தார். நுழைவுத் தேர்வில் ஜப்பானிய மொழியையும் ஒரு பாடமாக 1901-இல் அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்க வைத்தவரும் அவரே.

எல்லோரும் டயர் மாதிரி இல்லை. ரிச்சர்ட் ஹென்றி பிரன்டன் என்று ஒருவர். இவரும் ஸ்காட்லாந்துதான். ரயில்வே இன்ஜினியராக இருந்தவரை, ஸ்டீவன்சன் சகோதரர்களிடம் அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து கலங்கரை விளக்கம் கட்ட அனுப்பினார்கள். 1868 ஆகஸ்டில் வந்து 1876 வரை 26 கலங்கரை விளக்கங்கள் கட்டினார். ஜப்பானியக் கடலோரத்தில் இரவில் கப்பல் பயமில்லாமல் போக முடிந்தது என்றால் அதற்கு இவர் முக்கியமான காரணம். யோகோஹாமாவில் இரும்புப் பாலமும் கட்டினார். ஆனால் ஜப்பானிய அதிகாரிகளோடு ஓயாத சண்டை. என்னிடம் கேட்காமல் ஏன் செய்தாய், உனக்கு என்ன தெரியும் என்று ஒரே மல்லுக்கட்டு. 1876-இல் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் தன் ஜப்பான் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டு 1901-இல் இறந்தார். ஆங்கிலத்தில் அது புத்தகமாக வந்தது 1991-இல்தான். அதைப் பற்றிப் படித்தால் மனிதர் கடைசி வரை ஆறவில்லை என்று தெரிகிறது. ஒசாகாவில் கிண்டருக்கும் கோபக்காரர் என்றுதான் பெயர். 1875-இல் அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

பிரன்டனின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரை அழைத்தது வேலை தெரியும் என்பதற்காக. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் வேலை தெரியாத அதிகாரியிடம் இருந்தது. எந்த நிபுணருக்கும் இது எரிச்சல்தான். ஜப்பானியர் பக்கத்திலிருந்து பாருங்கள். லே கொடுத்த அடி ஞாபகம் இருக்கும்போது, கையெழுத்துப் போடும் பேனாவை வெளியாளிடம் கொடுப்பார்களா? யோசனை சொல்ல உனக்குச் சம்பளம், முடிவு எங்களுடையது. இதில் அவர்கள் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஜப்பானியர் கட்சி.

1877-இல் இனோவே மசாரு ஒசாகா ரயில் நிலையத்திலேயே இளம் ஜப்பானியர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அடுத்த வருடம் கியோட்டோவிலிருந்து ஓட்சுவுக்குப் போகும் பாதையில் ஓசாகாயாமா மலையைக் குடைய வேண்டியிருந்தது. ஏறக்குறைய 665 மீட்டர். வெள்ளைக்காரர்களை நம்பாமல் நாமே தோண்டுவோம் என்று இறங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர்களை இகுனோ வெள்ளிச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். 1880 ஜூனில் முடித்துவிட்டார்கள். முதல் ரயில் ஓடி எட்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் எல்லாம் அவ்வளவு வேகமாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் முதல் ரயில் எஞ்சின் தயாரானது 1893-இல், கோபே பட்டறையில். அப்போதும் தலைமையில் இருந்தவர் ஆங்கிலேயர். அதுவும் யார்? 1804-இல் உலகத்திலேயே முதல் முறையாகத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சினை ஓடவிட்ட ட்ரெவிதிக்கின் பேரன்!

இங்கே ஒரு பி.காம். சந்தேகம். 2,000 யென், 1,045 யென் என்று கொட்டிக் கொடுத்ததைக் கணக்கில் எப்படி எழுதுவது? சம்பளம் என்றால் வருவாய்ச் செலவு, அந்த வருட லாப நட்டக் கணக்கில் போய்விடும். ரயில் எஞ்சின் வாங்கினால் மூலதனச் செலவு, சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும், வருடா வருடம் தேய்மானம் கழிப்போம். ஜப்பான் என்ன செய்தது என்றால், வாங்கிய எஞ்சினைவிடச் சம்பளத்தைத்தான் சொத்து வாங்குவது மாதிரி நினைத்துச் செலவழித்தது. டயரின் சம்பளம் தாத்சுனோவாகவும் மற்றவர்களாகவும் மாறியது. கணக்கியல் விதிப்படி மனிதன் கற்றுக்கொண்டதைச் சொத்தாகக் காட்ட முடியாது. எங்கள் மேடமிடம் இதைச் சொன்னேன். "எக்ஸாம்ல இப்படி எழுதி வெச்சுடாத" என்றார் :-(

அரசு ஆட்களை அனுப்ப அனுப்ப, சிலர் தனியார் கம்பெனிகளில் ஒட்டிக்கொண்டார்கள். நாற்காலியை மாணவருக்குக் கொடுத்த கொண்டர் ஊருக்குப் போகவில்லை. மிட்சுபிஷி கம்பெனிக்காக டோக்கியோவின் மருனோஉச்சியில் 1894-இல் முதல் அலுவலகக் கட்டடம் கட்டினார். ஜப்பானியப் பெண்ணை மணந்து, 1920-இல் அங்கேயே இறந்தார்.

ஆனால் 'ஜப்பானியக் கம்பெனியில் வெளிநாட்டு இன்ஜினியர்' என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அடுத்த தலைமுறை ஆள். பெயர் வில்லியம் கோர்ஹம். 1888-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். விமான எஞ்சின் தயாரிக்கலாம் என்று மனைவி ஹேசலையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு 1918-இல் ஜப்பான் வந்தார். வந்த நேரம் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. விமான எஞ்சின் யாருக்கும் வேண்டாம். கையில் வேலை இல்லை. குஷிபிகி என்ற தெரிந்த மனிதர் ஒருவருக்காக ஒரு மூன்று சக்கர வண்டி செய்து கொடுத்தார். அதைப் பார்த்த ஒசாகா வியாபாரிகள் 1919-இல் ஒரு கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். பெயர் ஜித்சுயோ ஜிதோஷா. முதலீடு பத்து லட்சம் யென்.

வண்டி சரிப்பட்டு வரவில்லை. திருப்பத்தில் கவிழ்ந்தது. மூன்று சக்கரத்தை நான்காக மாற்றியும் இறக்குமதிக் காரோடு விலையில் போட்டி போட முடியவில்லை. கோர்ஹம் 1921 வாக்கில் விலகினார். ஆனால் அவரோடு வேலை பார்த்த கோதோ தகாஷி அங்கேயே இருந்து அந்த வண்டியைத் திருத்தி 'லைலா' என்று ஒரு கார் செய்தார். அந்தக் கம்பெனி பிறகு டாட் என்ற கம்பெனியோடு இணைந்தது. 1931-இல் டாட் ஒரு சின்ன கார் கொண்டுவந்தது. டாட்டின் பிள்ளை என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் 'சன்' சேர்த்து 'டாட்சன்' என்று வைத்தார்கள். அதை அவர்கள் உச்சரித்தால் 'சோன்' என்று வரும், ஜப்பானிய மொழியில் அதற்கு அர்த்தம் நஷ்டம்! கார் கம்பெனிக்கு நஷ்டம் என்று பெயர் வைத்தால் விளங்குமா? அடுத்த வருடமே எழுத்தைத் திருத்தி, சூரியன் என்ற அர்த்தம் வரும் 'டட்சன்' ஆக்கிவிட்டார்கள். நம் ஒரகடத்தில் தயாராகி 2014 முதல் 2022 வரை இந்தியச் சாலைகளுக்கு வந்த டட்சன் கோ ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயர்தான்.

கோர்ஹம் போய்ச் சேர்ந்த இடம் தோபாதா வார்ப்புத் தொழிற்சாலை. அதன் முதலாளி ஐகாவா யோஷிசுகே விசித்திரமான ஆள். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சாதாரணத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு அமெரிக்கா போய் அங்கேயும் வார்ப்பாலையில் கூலி வேலை செய்து தொழில் கற்றவர். ஒரு அமெரிக்கர் ஜப்பானில், ஒரு ஜப்பானியர் அமெரிக்காவில் என்று கை அழுக்காக வேலை பார்த்த இருவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. விவசாயத்துக்கும் மீன்பிடிப் படகுக்கும் ஆகும் சின்ன எஞ்சின்களைத் தோபாதாவில் உருவாக்கினார்கள்.

1933 டிசம்பரில் ஐகாவா யோகோஹாமாவில் கார் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஜூனில் அதன் பெயர் நிசான் மோட்டார் ஆனது. அமெரிக்காவுக்குப் போய் இயந்திரங்கள் வாங்கவும், சொல்லிக்கொடுக்க அமெரிக்க இன்ஜினியர்களைப் பிடிக்கவும் கோர்ஹம் அனுப்பப்பட்டார். ஒரு காலத்தில் தானே வெளியாளாக வந்தவர் இப்போது கம்பெனிக்காக வெளியாட்களை எடுத்துவருகிறார்! 1935 ஏப்ரலில் யோகோஹாமா ஆலையிலிருந்து முதல் டட்சன் வெளியே வந்தது. நிசானையும் ஃபோர்டையும் ஒப்பிட்டு டேவிட் ஹால்பர்ஸ்டாம் 1986-இல் எழுதிய தடிமனான புத்தகத்தில் இவருக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்.

பிறகு 1941. அமெரிக்காவோடு சண்டை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கோர்ஹம் இருபத்து மூன்று வருடம் அங்கே வாழ்ந்துவிட்டார். மேயில் ஜப்பானியக் குடியுரிமை வாங்கினார். பெயரையும் மாற்றிக்கொண்டார்: கோஹாமு கத்சுந்தோ. தன் பெயரின் ஒலிக்கு ஏற்ற மாதிரி சித்திர எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டார். ஏழு மாதத்தில் பேர்ல் ஹார்பர். பிறந்த நாடும் பிழைத்த நாடும் குண்டு போட்டுக்கொண்ட நாலு வருடத்தை அந்த மனிதர் டோக்கியோவில் எப்படிக் கழித்திருப்பார் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. போர் முடிந்ததும் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராக மறுபடி வேலைக்குப் போனார். 1949-இல் டோக்கியோவில் இறந்தார், ஜப்பானியராக.

மோரெல், பாயில், டயர், பிரன்டன் எல்லோருக்கும் காண்ட்ராக்ட்டில் கடைசித் தேதி இருந்தது. கோர்ஹமும் கொண்டரும் மட்டும் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டவர்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஊர், அதில் ஒருவருக்குப் பெயரும் கூட.

அண்ணனிடம் இதையெல்லாம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு முதல் மூணு மாசம் டிரெயினிங்தான்டா. அவங்க எனக்குச் சொல்லிக் கொடுக்கறாங்க, நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கப் போறதில்ல" என்றான். பக்கத்திலிருந்த பெரியம்மா ஃபோனைப் பிடுங்கி, "மூணு வருஷம் முடிஞ்சா வந்துடுவல்ல?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லைன் சரியாக் கேக்கலம்மா" என்றான்.